நான்காவது முதுகு

எனக்கு இன்னும் ஆறவில்லை. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பெப்புவிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. காலையில் பல் தேய்க்கும்போதுகூட அந்தச் சாவி கண் முன்னால் வந்து நிற்கிறது. வாயில் நுரையோடு தோமியேயைத் திட்டுகிறேன், கிகுயோவைத் திட்டுகிறேன். பிறகு கண்ணாடியில் தெரிகிறவளையும் சேர்த்துத் திட்டுகிறேன். அவள் ஒன்றும் யோக்கியம் இல்லை.

இசோகோ யார் என்று தெரிந்தால்தான் என் கோபம் புரியும். எங்கள் யவதஹாமா துறைமுகத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் தலைமைச் சமையற்காரி அவள். தினமும் அறுநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. ஆள் குட்டை. பலகை மேல் ஏறி நின்றுதான் கொப்பரையைக் கிண்டுவாள், படகுத் துடுப்பு நீளத்துக்குக் கரண்டி. அவள் கணவர் மலைச்சரிவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தார். அந்த மனிதர் மரங்களோடு பேசியதில் பாதிகூட வீட்டில் பேசியதில்லை. ஆகவே வீட்டில் செலவாகாத பேச்சையெல்லாம் அவள் எங்கள் தலையில் கொட்டினாள். அவள் கீழே வேலை பார்த்த கிகுயோ, தோமியே, நான் மூன்று பேரும் அவளை 'சீஃப்' என்றுதான் கூப்பிடுவோம். நால்வரும் ஓய்வு பெற்ற பிறகும் அவள் எங்களுக்கு சீஃப்தான்.

நான் சேர்ந்த முதல் வருஷம் ஒன்று நடந்தது. வெள்ளரிக்காய் சாலட் கலந்து முடித்துப் பார்த்தால், என் விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைக் காணோம். சாப்பாட்டில் விழுந்தால் கண்ணில் படட்டும் என்று எங்கள் சமையற்கூடத்தில் நீலப் பிளாஸ்திரிதான் தருவார்கள். அப்படியும் காணோம். பயத்தில் பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். வண்டியில் ஏற்றும் நேரத்தில்தான் சொன்னேன். இசோகோ அத்தனை சாலட்டையும் கொட்டச் சொன்னாள். வகுப்பு வகுப்பாகத் தானே போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். என் பெயர் எங்கேயும் வரவில்லை.

திரும்பி வந்து என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

"தப்பு பண்ணலாம் மசுயோ, அது கை பண்றது. மறைக்கிறது கை இல்ல. அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் எனக்குக் கோவம். சாலட் போனா போகுது."

பிளாஸ்திரி சாயங்காலம் என் பூட்ஸுக்குள்ளிருந்து கிடைத்தது. அதையும் அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

வருஷா வருஷம் மார்ச் மாதம், பள்ளி வருஷத்தின் கடைசிச் சாப்பாடு போட்டுக் கொப்பரையைக் கவிழ்த்ததும், நாங்கள் நால்வரும் ஊர் பார்க்கக் கிளம்புவோம். எந்த ஊராக இருந்தாலும் விடுதிக்குள் நுழைந்ததும் இசோகோ தேநீர்கூடக் குடிக்க விடமாட்டாள். நேரே பெரிய குளியல் கூடம். குட்டி முக்காலிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் முதுகைப் பின்னால் இருப்பவள் தேய்க்க வேண்டும். முதலில் கிகுயோ, அப்புறம் தோமியே, நான், கடைசியில் சீஃப். கொஞ்ச நேரத்தில் "திரும்பு!" என்று ஒரு சத்தம் போடுவாள். எல்லோரும் திரும்பி உட்காருவோம். அப்போது அவள் முதுகு என் கைக்கு வரும். வருஷம் முழுக்கப் போட்ட சண்டை அந்த அரை மணியில் தீர்ந்துவிடும். முதுகைக் காட்டிக்கொண்டு அம்மணமாக உட்கார்ந்திருப்பவளிடம் எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டிருக்க முடியும்?

மூன்று வருஷம் முன்பு அவள் கணவர் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே அவளுக்கு மார்பில் கட்டி. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. இந்தப் பிப்ரவரியில் அவளே போன் செய்தாள்.

"மசுயோ, பெப்பு போவோமா? கப்பல் ஏறினா மூணே மணி நேரம்."

பெப்புவுக்குக் குளிக்காமல் திரும்ப எவளாவது போவாளா? சாக்கடை மூடியிலிருந்துகூட வெந்நீர் ஆவி வருகிற ஊர். அவள் கேட்டது அந்த நான்கு முக்காலிகளை. ஆனால் எங்கள் பக்கத்தில் எதையும் பச்சையாகக் கேட்க மாட்டோம். கேட்பதற்கு முன்பே புரிந்துகொள்வதுதான் மரியாதை என்று வளர்த்திருக்கிறார்கள். தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம். அதுவும் மூன்று பேர் கூட்டம் போட்டு.

துறைமுகத்துக் காப்பிக் கடையில் சந்தித்தோம். பயண ஏற்பாடெல்லாம் எப்போதும் தோமியே பொறுப்பு. விடுதிப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"பெரிய குளியல்ல அவங்களுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. எல்லாரும் பார்ப்பாங்க."

"நம்மளே பார்ப்போமே. எனக்குக் கண்ணை எங்க வைக்கிறதுன்னே தெரியாது" என்றாள் கிகுயோ.

"பூட்டிக்கிற மாதிரி குடும்பக் குளியல் ஒண்ணு இருக்கு. ஐம்பது நிமிஷம் அவங்க பேருக்கு வாங்கிடுறேன். நாம ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கிக்கலாம். அவங்க நிம்மதியா தனியா குளிக்கட்டும்."

"ரொம்ப நல்ல யோசனை" என்றது யார் தெரியுமா? நான்தான். சொல்லிவிட்டுக் கேக் வேறு சாப்பிட்டேன்.

கப்பலில் இசோகோ ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவில்லை. பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து எடுத்துக் கொடுத்தாள். முடி கொட்டி மறுபடி முளைத்ததில் சுருட்டையாகிவிட்டிருந்தது. "காசு குடுக்காம பார்லர் போயிட்டு வந்திருக்கேன்" என்று கப்பல் பணிப்பெண்ணிடம் பெருமை அடித்தாள். பெப்புவில் இறங்கியதும் பஸ் பிடித்து நரகங்களைப் பார்க்கக் கூட்டிப் போனாள். அங்கே கொதிக்கிற குளங்களுக்கு நரகம் என்றுதான் பெயர். ஒன்று நீலம், ஒன்று ரத்தச் சிவப்பு, ஒன்றில் சேறு குமிழி விடும்.

"செத்தப்புறம் பார்க்க வேண்டியதை இப்பவே டிக்கெட் எடுத்துப் பார்க்கிறோம்" என்றாள் கிகுயோ.

"நீ போற நரகம் இவ்வளவு சுத்தமா இருக்காதுடி" என்றாள் இசோகோ.

ஆவியில் வெந்த முட்டையைத் தோலுரித்துச் சாப்பிட்டோம். அவள் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வேகவேகமாக நடந்தாள். மூன்று மணிக்கே, "போதும், விடுதிக்குப் போவோம்" என்றாள். எதற்கு அவசரம் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். மூன்று பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அறைக்குள் நுழைந்ததும் வழக்கம்போலத் தேநீர்க் கோப்பைகளைத் தள்ளி வைத்தாள். துண்டை எடுத்தாள். "கிளம்புங்க, கிளம்புங்க!"

அப்போதுதான் தோமியே அந்தச் சாவியை இரண்டு கையாலும் பிடித்து, பரிசு கொடுப்பது போல நீட்டினாள். மரக்கட்டையில் கோத்த சாவி. "சீஃப், உங்களுக்குன்னு தனிக் குளியல் ஒண்ணு வாங்கியிருக்கோம். நாலு மணியிலேருந்து ஐம்பது நிமிஷம். ஆற அமரக் குளிங்க."

இசோகோ சாவியைப் பார்த்தாள். "நீங்க?"

"எனக்கு பிரஷர். டாக்டர் சுடுதண்ணி வேண்டாம்னுட்டார்" என்றாள் கிகுயோ. மூன்று மணிவரை நரகங்களின் ஆவியில் வெந்துவிட்டு வந்தவள்.

"நான் வீட்டுல குளிச்சுட்டேன்" என்றாள் தோமியே. பெப்புவில் நின்றுகொண்டு சொல்கிறாள்.

இசோகோ என்னைப் பார்த்தாள். "எனக்குச் சளி, சீஃப்" என்றேன். கூடவே இருமினேன். அந்த இருமலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"அப்படியா" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் தேநீர் குடித்தோம். இனிப்பைப் பிய்த்துத் தின்றோம். ஐந்து மணி தாண்டியும் அவள் வரவில்லை. மயக்கம் கியக்கம் வந்துவிட்டதோ என்று நான் இறங்கிப் போனேன். குடும்பக் குளியலின் கதவுக் கொக்கியில் சாவி தொங்கியது. உள்ளே தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் புழங்கவில்லை.

பெரிய குளியல் கூடத்துக்கு ஓடினேன். விடுதி அங்கியோடு கண்ணாடிக் கதவைத் திறந்தேன். இசோகோ தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். அறுவை செய்துகொண்ட பெண்கள் மார்பை மறைக்கக் கட்டிக்கொள்ளும் குளியல் துணி ஒன்று கட்டியிருந்தாள். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தொட்டியிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஏங்க, தண்ணிக்குள்ள துணியோட இறங்கக் கூடாதுங்களே."

இசோகோ அப்படியே நின்றாள். "எனக்கு ஒரு மார்பு எடுத்தாச்சுங்க. இது அதுக்குன்னு தைச்ச துணி. சோப்பெல்லாம் அலசிட்டுத்தான் இறங்குறேன். இதைக் கட்டிக்கலாம்னு கதவுல நோட்டீஸ்கூட ஒட்டியிருக்காங்க."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, தெரியாம கேட்டுட்டேங்க. இந்தப் பக்கம் வாங்க, அங்க சூடு ஜாஸ்தி." நகர்ந்து இடம் விட்டாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இசோகோ என்னைக் கண்டுவிட்டாள். "சளி எப்படி இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தொட்டியிலிருந்து ஏறி என் எதிரே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"அந்தம்மா யாரு, எந்த ஊருன்னே தெரியாது. மூஞ்சிக்கு நேரா கேட்டா, மூஞ்சிக்கு நேரா சொன்னேன், முடிஞ்சுது. நீங்க? காப்பிக் கடைக்காரி எனக்கு நாத்தனார் முறைங்கிறதுகூட மறந்துபோச்சா? மூணு பேரும் குசுகுசுன்னு பேசினீங்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். என்ன பேசினீங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"சீஃப், உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னுதான்..."

"எனக்குச் சங்கடம்னு நான் சொன்னேனா? யாராவது ஒருத்தி போன் போட்டுக் கேட்டீங்களா?" இடது கையைத் தூக்கிக் காட்டினாள். தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. "இதுக்கு மேல போகாது. ரெண்டு வருஷமா நீளக் காம்பு பிரஷ்ஷாலதான் முதுகு தேய்ச்சுக்கிறேன். ஒரு மனுஷக் கை என் முதுகுல படலை மசுயோ. அதுக்குத்தான் கப்பல் ஏறினேன். தனியா குளிக்கிறதுக்கு என் வீட்டுல தொட்டி இல்லையா?"

நான் படியேறி ஓடினேன். அங்கி தடுக்கி ஒரு படியில் முழங்காலை இடித்துக்கொண்டேன். கதவைத் திறந்து, "எழுந்திருங்கடி ரெண்டு பேரும்!" என்று கத்தினேன்.

"அவங்க மனசு..." என்று தோமியே ஆரம்பித்தாள்.

"அவங்க மனசை நீ படிச்சது போதும். கூச்சம் நமக்கு. அதை அவங்க தலையில கட்டியிருக்கோம். துண்டை எடு!"

நாங்கள் மூவரும் உள்ளே போனபோது இசோகோ முக்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தாள். நான்கு. குளியல் துணியை அவிழ்த்துக் கழுவி ஓரமாக வைத்தாள். தழும்பு அக்குளிலிருந்து நெஞ்சு நடுவரை போயிருந்தது. தோமியே சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"தரையில என்னடி தேடுற? நீலப் பிளாஸ்திரியா?" என்றாள் இசோகோ.

கிகுயோ வாய்விட்டுச் சிரித்து, அப்படியே அழுதுவிட்டாள்.

"இன்னைக்கு முதல்ல என் முதுகு" என்று எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் நுரைத் துணியை வைத்தேன். முன்பு இருந்த முதுகு இல்லை அது. எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. மெதுவாகத் தேய்த்தேன்.

"அழுத்துடி. நசுங்கிப்போக நான் என்ன டோஃபுக் கட்டியா?"

அழுத்தினேன். அவள் தலை மெல்ல முன்னால் சாய்ந்தது. எங்கே அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு, "திரும்பு!"

திரும்பினோம். அவளுடைய வலது கை என் முதுகில் விழுந்தது. முப்பத்தொரு வருஷம் கொப்பரை கிண்டிய கை.

"அன்னைக்குப் பத்து நிமிஷம் மறைச்ச. இந்தத் தடவை எவ்வளவு நாள்?"

"காப்பிக் கடையிலேருந்து முப்பத்தெட்டு நாள், சீஃப்."

"ம்" என்றாள். தேய்க்க ஆரம்பித்தாள். எரிந்தது.

"வலிக்குது, சீஃப்."

"வலிக்கட்டும்."

ஊர் திரும்பி நான்கு நாள் மல்லாந்து படுக்க முடியவில்லை. வீட்டில் களிம்பு இருந்தது. நான் போட்டுக்கொள்ளவில்லை.