முந்தானையில் மாட்டிய மைக்

காதை முழுவதும் மூடும் ஒரு கறுப்பு ஹெட்போன். அதைக் கழுத்திலோ காதிலோ மாட்டிக்கொண்டு, எங்களுக்குப் பத்தடி முன்னால் மலைப்பாதையில் நடந்துபோகும் ஒருத்தி. கல்லூரியின் இறுதியாண்டை நினைத்தால் முதலில் அவள் முதுகுதான் தெரிகிறது. ஆவணப்படம் எடுக்க மூன்று பேரை ஒரு குழுவாகச் சேர்த்திருந்தார்கள். நான் இயக்கம், வகுப்புத் தோழன் ஒருவன் கேமரா, அவள் ஒலிப்பதிவு. அவளுக்குக் கல்வராயன் மலைதான் சொந்த ஊர். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவளுடைய ஊருக்குப் பாலம் இல்லை. அவளுக்கு அத்தை முறையாகும் பெண் ஒருவரைப் பிரசவ வலியோடு தூளி கட்டித் தூக்கி வந்தபோது, வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. ஊரறிந்த செய்தி அது. அந்த அத்தை வாய் திறந்து சொல்வார் என்று நம்பித்தான் நான் படத்தையே எழுதினேன்.

கள்ளக்குறிச்சியில் முதல் பஸ் பிடித்து, கச்சிராயபாளையத்தில் மாறி, மலை ஏறி, பிறகு நடந்தும் போனோம். கேமராவைப் பார்த்ததும் இரண்டு வீடுகளின் கதவு சாத்தப்பட்டது. பெரியவர் ஒருவர் "எந்த ஆபீசுங்க நீங்க?" என்று மூன்று முறை கேட்டார். கல்லூரி என்றோம். "போன தடவ வந்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார். அவருடைய சந்தேகம் எனக்குள்ளும் தொற்றிக்கொண்டது. ஆனால் என் கண் போனது எங்கள் ஒலிப்பதிவுக்காரியின் மேல். ஒவ்வொரு வீட்டுக்கும் எங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவள் போனாள். நாங்கள் போய்க் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பாலம் வந்தால் நல்லது. அத்தையிடம் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் ஞாபகம் இல்லம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. பெற்றவளுக்கு அது மறக்குமா?

அந்த வாரம், அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கல்லூரி எடிட்டிங் அறையில் அவளுடைய ஒலிப்பதிவுகளைத் திறந்தேன். அனுமதி கேட்கவில்லை. நான்காவது பதிவில், அத்தைக்கு மைக் மாட்டும்போது அவள் பேசிய குரல் இருந்தது. "அத்த, கொழந்த சமாச்சாரத்த மட்டும் சொல்லிடாத. இன்னா கேட்டாலும் ஞாபகம் இல்லன்னு சொல்லிடு." பிடித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. சந்தேகப்பட்டது சரியாகிப்போவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதை இன்று ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. கேமராக்காரனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவள் திரும்பி வந்ததும் அவள் எதிரிலும் போட்டேன்.

அவள் பதறவில்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். இதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கே, அத கேட்டியா?" என்று கேட்டுவிட்டு அவளே அதை ஓடவிட்டாள்.

அது என் குரல். கம்பியில்லாத மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க என் துப்பட்டாவில் மாட்டியிருந்தார்கள். அதை அணைக்க மறந்து, கேமராக்காரனோடு ஒரு புளியமரத்தடிக்குப் போயிருக்கிறேன். "கொழந்தைய பத்தி கேக்கும்போது க்ளோசப் போயிடு. அழ ஆரம்பிச்சா கட் பண்ணாத. அந்தம்மா அழலன்னா நம்ம படம் ஒண்ணுமே இல்ல." அவன் சிரிக்கிறான். கூடவே நானும்.

"நீ பேசிக்கினு இருந்ததெல்லாம் என் காதுலதான் வுழுந்துச்சு. அதான என் வேல" என்றாள்.

இன்னும் ஒரு நாள் படப்பிடிப்பு பாக்கி இருந்தது. அவள் இல்லாமல் அந்த ஊருக்குள் நுழைய முடியாது. ஒரு நிபந்தனையோடு வருகிறேன் என்றாள். "மொதல்ல நீ உக்காரு. அத்த கேக்கட்டும்."

என்னை அவமானப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். கேமராக்காரன் அதைப் படம்பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவான் என்றும் தோன்றியது. அத்தை வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். மைக்கை அவளே என் துப்பட்டாவில் குத்தினாள். அத்தை எதிரில் உட்கார்ந்தார்.

"உங்கப்பா இன்னா பண்றாரும்மா?"

"வெளியூர்ல வேலைங்க."

"கடைசியா எப்ப வந்தாரு?"

நான் எட்டாவது படிக்கும்போது வீட்டைவிட்டுப் போனவர் அப்பா. திரும்பி வரவே இல்லை. தியாகதுருகத்தில் எங்கள் தெருவுக்கும், பள்ளிக்கும், கல்லூரி விண்ணப்பத்துக்கும் அம்மாவும் நானும் சொல்லிவந்த பதில்தான் அந்த "வெளியூர்ல வேலை". அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக்கைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை.

அத்தைதான் எழுந்து வந்தார். "தம்பி, அத நிறுத்துப்பா" என்று கேமராக்காரனிடம் சொல்லிவிட்டு, மைக்கை நிதானமாக எடுத்து ஒலிப்பதிவுக்காரியின் கையில் கொடுத்தார். என்ன நினைத்தாரோ, சற்றுக் கழித்து அதைத் திரும்ப வாங்கித் தன் முந்தானையில் மாட்டிக்கொண்டு, "பாதைய பத்தி மட்டும் கேளு, சொல்றேன்" என்றார். மழையில் வழுக்கும் இடங்களையும், மரவள்ளி மூட்டையோடு எங்கே காலை ஊன்ற வேண்டும் என்பதையும் சொன்னார். எங்கள் படத்தில் அவ்வளவுதான் இருந்தது. பார்த்த பேராசிரியர், நடுவில் ஏதோ குறைகிறது என்றார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

அந்தப் படத்தால் நானும் ஒலிப்பதிவுக்காரியும் உயிர்த்தோழிகள் ஆகிவிடவில்லை. இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறேன். பெண்ணைப் பெற்றவள் அழும் இடம் வந்தால் என் கை தானாக அதை நீட்டப் பார்க்கிறது. அந்தக் கையை நான் முழுதாக நம்புவதில்லை.

படப்பிடிப்பின் கடைசி நாள் மாலை, அத்தை எங்களோடு ஓடை வரைக்கும் வந்தார். கேமரா பைக்குள் இருந்தது. மற்ற இருவரும் முன்னால் கடந்து போய்விட்டார்கள். முழங்கால் தண்ணீரில் என் கையைப் பிடித்து நிறுத்தி, குழந்தை இறந்த அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னார். அவர் அழவில்லை. அவர் சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. அப்பாவைப் பற்றி எழுதிவிட்டேன். அது என்னுடையது.