குவிமாடத்தில் வெட்டாத நட்சத்திரம்

என் அறைச் சுவரோடு ஒரு பலகை சாய்ந்திருக்கிறது. நடுவில் எண்முனை நட்சத்திர வடிவில் துளை. எங்கள் பள்ளிவாசலின் பழைய கொங்கிறீட் குவிமாடத்தில், காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாக அந்த வடிவில் எட்டு இடங்களில் வெட்டுவதாக இருந்தது. வெட்டும் அச்சாக இந்தப் பலகையைச் செய்வித்தவர் பள்ளிவாசல் தலைவரான எங்கள் தாய்மாமா. வெட்டினால் குவிமாடம் தாங்குமா என்று சொல்லவேண்டியவர், பொறியியலாளரான என் மூத்த சகோதரி, ராத்தா.

மின்வெட்டு உச்சத்திலிருந்த, நோன்புக்கு முந்தைய ஷஃபான் மாதம் அது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு முடிவு சொல்லவேண்டும். மறுநாள் வெட்டுவதற்கு மேசன் வருவார். ராத்தா குவிமாடத்தைக் கணினியில் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்திருந்தார். ஒவ்வொரு துண்டும் நேர்கோட்டு விதிப்படியே அசையும் என்று கொண்டால், வளைவைப் பிடிக்க அத்தனை துண்டுகள் வேண்டும். கணக்கு முடியுமுன் கரண்ட் போய்விடும். மடிக்கணினியின் பழைய பற்றரியும் தாங்காது. மீண்டும் முதலிலிருந்து.

"உண்ட கொம்பியூட்டர் இன்னும் சுத்திக்கிட்டா இரிக்கி புள்ள? நோன்பு வந்திரும்" என்று மாமா வாசலில் நின்று சிரித்தார்.

வியாழன் காலை ராத்தா எல்லாவற்றையும் கலைத்தார். பெரிய துண்டுகள் சிலவற்றை மட்டும் வைத்து, ஒவ்வொன்றும் இரண்டாம் படி, மூன்றாம் படி, நான்காம் படிப் பல்லுறுப்பியாக வளைய இடம்கொடுத்தார். "நேர்க் கம்பால வட்டம் கட்ட எத்தினை கம்பு வேணும்? வளையிற பிரம்பெண்டா கொஞ்சம் காணும்" என்று எனக்கு விளக்கினார். கரண்ட் இருக்கும்போதே விடை வந்தது. படியை உயர்த்தியபோது குவிமாடத்தின் உடலில் எண்கள் ஓரிடத்தில் வந்து நின்றன. நட்சத்திரத்தின் கூர்முனைகளில் மட்டும் நிற்கவில்லை. தகைப்பு, அதாவது கொங்கிறீட் தாங்கவேண்டிய இழுவை, ஏறிக்கொண்டே போனது. தன் பிழையென்று நினைத்து, முனைகளைச் சுற்றி மட்டும் துண்டுகளைச் சிறிதாக்கினார். அப்போதும் ஏறியது. கூரிய மூலையின் குணமே அதுதான். வெடிப்பு அங்கேதான் பிறக்கும். துளையை வட்டமாக்கியதும் எண்கள் அடங்கின.

"கட்டார்ல எத்தினை பள்ளியில நட்சத்திரம் பாத்திரிக்கன். ஒண்டும் விழல்லியே?" என்றார் முடிவைக் கேட்ட மாமா, மறுநாள் ஜும்மா முடிந்து எங்கள் வீட்டில்.

"அங்க கட்டுற நேரமே அதுக்கேத்த கம்பி வெச்சிக் கட்டினது மாமா. நாம கட்டி முடிச்சதில கம்பிய அறுக்கப் போறம். வட்டமெண்டா வெட்டுங்க. நட்சத்திரமெண்டா நான் கையெழுத்து வெக்கமாட்டன்."

மாமா தேத்தண்ணி குடிக்காமலே எழும்பினார். ஊருக்கே தெரியும்படி தாய்மாமனை மறித்துவிட்டோமே என்று ராத்தா அன்றிரவு சாப்பிடவில்லை. சனிக்கிழமை, மாமா சொன்னபடியே, மேசன் கயிறு பிடித்து வட்டம்தான் கீறினார். பலகை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது நண்பகல் லுஹர் தொழுகையில் வட்ட வெளிச்சங்கள் தரையில் விழுகின்றன. "நட்சத்திரமெண்டா பாக்க இன்னும் வடிவு" என்று மாமா இன்றும் சொல்வார். "ஓம் மாமா, வடிவுதான்" என்பார் ராத்தா.

பலகையில் இரண்டு வெடிப்புகள் ஓடியிருக்கின்றன. இரண்டும் முனைகளிலிருந்தே தொடங்குகின்றன. மரம் காய்ந்தால் வெடிக்கும், இதை அத்தாட்சியாக எடுக்காதே என்கிறார் ராத்தா. மாமாவுக்குக் காட்டவும் வேண்டாமாம்.