உப்புத் தண்ணீரில் போட்ட உப்பு

ஆம்பூரில் அண்ணன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை முதன்முதலாகக் குடித்தபோது அப்படியே துப்பிவிட்டேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சுற்றியிருந்த தோல் பதனிடும் ஷெட்டுகளில் கழுவிவிட்ட உப்பெல்லாம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அண்ணனுக்கும் ஷெட்டில்தான் வேலை. பச்சைத் தோலில் உப்பைத் தடவினால் உள்ளே இருக்கும் தண்ணீரை அது இழுத்துவிடும், தோல் அழுகாது என்று சாப்பாட்டு நேரத்தில்கூட விளக்குவார். குடிக்க, சமைக்கத் தெருக்குழாய். குழாய் வராத நாட்களில் கிணறுதான். நாலைந்து முறை போய்வந்ததில் அந்த உப்பு எனக்கும் பழகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வேலூரில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். செல் சவ்வு பாடம் வந்தால் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. கொழுப்பால் ஆன இரண்டே அடுக்கு, இடையிடையே புரதத்தால் ஆன வாசல்கள். எதை உள்ளே விடுவது, எதை நிறுத்துவது என்று அந்த வாசல்கள் பார்த்துக்கொள்ளும். குடலில் ஒரு வாசல், சர்க்கரை கூடவே வந்தால்தான் உப்பை உள்ளே விடும். பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுப்பது அதனால்தான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ஷெட்டுக்குப் போயிருந்த நேரம், அண்ணியின் எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பக்கத்து வீட்டார் தடுத்தார்கள். நான் அவர்களை விரட்டாத குறை. அன்று குழாய் வரவில்லை. கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றி, உப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று கரைத்துக் காட்டினேன். அண்ணி தயங்கினார்.

"தண்ணியே உப்பா கீதும்மா. அதுல இன்னாத்துக்கு மறுபடியும் உப்பு?"

"அளவு மாறக் கூடாது அண்ணி. சொன்னபடி செய்யுங்க."

கேட்டது எவ்வளவு சரியான கேள்வி! படித்தவள் என்ற திமிரில் ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் வேலூருக்குத் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வலிப்போடு குழந்தையை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது, மூளையின் செல்களிலிருந்து தண்ணீர் வெளியே போய்விட்டது என்றார் டாக்டர். எந்தச் சவ்வு வழியாக, எதனால் போனது என்று அங்கிருந்தவர்களில் எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். மத்தியானம் குழந்தை இறந்துவிட்டது.

உப்பைக் கரைத்தது யார் என்று அவர் கேட்டார். அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான், டாக்டர். அளவு தெரியாம ஜாஸ்தி போட்டுட்டேன்," என்றார் அண்ணி.

பக்கத்தில் நின்றிருந்த நான் பேசவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா, அண்ணன் முகத்தைப் பார்க்கும் பயமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பின் என் அம்மாவே அண்ணியை "கொலைகாரி, புள்ளைய உப்புல போட்டவ" என்று ஏசியதுண்டு. அண்ணி கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை நானே அண்ணியிடம் பேச்சைத் தொடங்கினேன். "உட்டுடும்மா. நீ புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறவ," என்று எழுந்துபோய்விட்டார். அவருக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. நான் முப்பது வருடம் செல் சவ்வு பாடம் நடத்தி ஓய்வுபெற்றேன்.

போன வருடம் அண்ணியை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் என் தோளில் சாய்ந்து, "அன்னிக்கு அவ செஞ்ச தப்ப நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அவகிட்ட சொல்லத்தான் இல்ல," என்று அழுதார். அப்போதும் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

அண்ணன் ஆம்பூரில்தான் இருக்கிறார். பத்திரிகையில் நான் எழுதுவது எதுவானாலும் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார். இதையும் படிப்பார்.