குடியாத்தத்துக்கு ஒரு ரயில் வாரண்ட்

இன்று அபுதாபி பக்கம் ருவைஸில், டெலிபோன் பூத்தில் நின்று ஒரு சண்டையில் ஜெயித்தேன்.

மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். மெட்ராஸ் கல்லூரியிலோ அவளை வெளி மாநிலத்துக்காரி என்கிறார்கள். வெளி மாநிலத்தாருக்கான கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை.

பட்டாளத்தில் இருந்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர் என் கணவர். போனில் "சரி சார், சரி சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ரிசீவரைப் பிடுங்கினேன்.

"பொண்ணு பொறந்தது ஜோத்பூர், படிச்சது பூனா, ஜலந்தர், இப்ப அபுதாபி. இதுல தமிழ்நாடு எங்கம்மா வருது?" என்றார் கல்லூரி கிளார்க்.

"பட்டாளம் மாத்தின இடத்துக்கெல்லாம் போனோம் சார். ஆனா வருஷா வருஷம் லீவுல சொந்த ஊருக்கு டிக்கெட் காசில்லாம போக ரயில் வாரண்ட் கொடுத்தாங்களே, அது எந்த ஊருக்கு? குடியாத்தத்துக்கு. பட்டாளத்துக்குத் தெரிஞ்ச எங்க ஊரு உங்களுக்குத் தெரியாதா?"

கிளார்க் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அவர் டிஸ்சார்ஜ் புக்ல அந்த ஊர் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப காப்பி அனுப்புங்கம்மா. நம்ம ஊர்ப் பொண்ணுன்னே போட்டுக்கறேன். உள்ளூர் ஃபீஸ்தான்."

வெளியே வந்ததும் கணவர் சொன்னார்: "பட்டாளத்துல இருந்தப்பவே உன்னை எங்க சுபேதார்கிட்ட பேச விட்டிருந்தா, எனக்கு இன்னும் பத்து நாள் லீவு கிடைச்சிருக்கும்."

உங்கள் வீட்டில் போனைப் பிடுங்குவது யார்?