ஏலக்காய்ப் பச்சை

உள்ளறையில் மரியஜோசப் மறுபடி இருமினான். மனைவி ஞானஜோதி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வாசலில் ஏலக்காய் வியாபாரி பரீது, மரியஜோசப் பெயிண்ட் அடித்து முடித்த தன் பழைய காரைக் காட்டினார்.

"ஏலக்காய்ப் பச்சைன்னுதானே சொன்னேன்? இது இலை மாதிரி இருக்கே."

"செடியில நாங்க பறிக்கிற காய் இந்த நிறந்தான், முதலாளி."

"நான் பார்க்கிறதெல்லாம் காஞ்ச காய்தானே அம்மா. வெளிறின பச்சை. திருப்பி அடிக்கச் சொல்லு."

"இன்னொரு தடவை அந்த நெடியைக் குடிச்சா அவரு தாங்க மாட்டாரு."

உள்ளே இருமல் நீண்டது. பரீது உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். வெயில்ல ஓடி ஓடி இதுவும் காஞ்சிரும்" என்று சொல்லிக் காரில் ஏறிப் போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞானஜோதி கதவைச் சாத்தினாள்.