Y பக்கத்தில் இரண்டே பேர்

சுனாமி அடித்த மூன்றாம் நாள் காலை உறுதியாகத் தெரிந்த செய்தி ஒன்றுதான்: முகாம்களில் கையால் எழுதிய, தப்பி வந்தவர்களின் பெயர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. சொன்னவர் ரஜனி டீச்சர், மட்டக்களப்பு டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவர்.

அந்த வகுப்பறையின் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது... ஜெனரேட்டர் புகை, ஈரக் காகிதம், பினாயில்.

ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமாக பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் செய்திக்காக அதைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.

வாழைச்சேனையிலிருந்து சின்னத்துரை என்ற மீனவர் வந்திருந்தார். குருக்கள்மடத்தில் கலியாணம் செய்துகொடுத்த மகள் யோகராணியைத் தேடி. மருமகன் குமார் கட்டாரில் வேலை. அவள் வீட்டில் தனியாக இருந்தாள்.

"Y-யில இல்ல புள்ள. இன்னொருக்கா பாருங்களன்."

டீச்சர் பார்த்தார். Y பக்கத்தில் இரண்டே பெயர்கள். இரண்டும் ஆண்கள்.

சின்னத்துரை சாரத்தை ஒருதரம் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"ஐயா, நில்லுங்க!" டீச்சர் எழும்பிவிட்டார். "மட்டக்களப்பில யோகம்மா, யோகராசா எத்தின பேர்? ரெண்டே பேர் எண்டா... இது என்ர பிழை."

வரிசையில் நின்ற ஒருவர், "மெஷினுக்கும் விசர் பிடிச்சிட்டு போல" என்றார்.

"மெஷினுக்கில்ல அண்ணே, எனக்குத்தான்."

பிழையை எனக்கு விளக்கினார். பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு பெயர். வரிக்குள் எழுத்துகளுக்கு பூச்சியம், ஒன்று, இரண்டு என்று இடம். பூச்சியமாம் இடத்து எழுத்தைப் பார்த்துப் பக்கம் பிரிக்கச் சொல்லியிருந்தார். ஆனால் நம்மவர்கள் பெயர் சொன்னால் இனிஷல்தானே முன்னால் நிற்கும்! Y-யில் விழுந்த இருவரும் இனிஷல் சொல்லாதவர்கள்.

புள்ளி இருந்தால் அது வரும்வரை ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து, இடைவெளியையும் தாண்டி, அடுத்த எழுத்தை எடு... இவ்வளவுதான் திருத்தம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பிரிண்டர் கிறீச்சிட்டது. இம்முறை Y பக்கம் நிறைந்து அடுத்த தாளுக்கும் போனது.

K. Yogarani, குருக்கள்மடம். கணவனின் எழுத்தோடு K பக்கத்தில் கிடந்திருக்கிறாள். வாவி கடந்து படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தாள்.

சின்னத்துரை அந்த வரியில் விரலை வைத்தார். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

மறுநாள் திரும்பி வந்து சொன்னார்: "அவள்தான் தம்பி. என்னைக் கண்டதும் என்ன கேட்டாள் தெரியுமா? 'அப்பா, சாப்பிட்டீங்களா?'"

அதற்குப் பிறகுதான் நானும் ஒரு தேத்தண்ணீர் குடித்தேன்.

போர் முடிந்த வருடம் வடக்கு முகாம்களிலிருந்து வேறு பட்டியல்கள் வந்தன. அவற்றிலும் நான் முதலில் கேட்டது, எந்த எழுத்தை வைத்து அடுக்கினீர்கள் என்றுதான். எப்படி அடுக்கியும் கிடைக்காத பெயர்கள் இருந்தன. அவை இன்னும் இருக்கின்றன.

இப்போது போனில் பாதிப் பெயரை அடித்தாலே ஆளைக் காட்டுகிறது. நல்லதுதான். ஆனால், "இது என்ர பிழை" என்று எழும்பி நிற்க அதற்குள் யாரும் இல்லை...

டீச்சர் இப்போது கனடாவில். அவரும் யோகராணியும் இதுவரை நேரில் கண்டதில்லை. தைப்பொங்கலுக்கு வாறன் என்கிறார். டிக்கெட் இன்னும் உறுதியாகவில்லை, இந்த மாதக் கடைசிக்குள் தெரியும்.