எனக்குத் தேவைப்படாத மீன்பிடி அனுமதி

ஓய்வூதிய வயதை எட்டிய பிறகுதான் நான் டென்மார்க்கின் கோல்டிங் கடற்கரையில் தூண்டில் போடத் தொடங்கினேன். இரண்டு வருடமாக என்னிடம் ஒருவரும் அனுமதிப்பத்திரம் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில் ஒரு சனிக்கிழமை மனைவியின் தம்பி குகனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"அத்தான், லைசென்ஸ் ஒண்டும் எடுக்கத் தேவையில்லையோ?" என்று காரில் இரண்டு தரம் கேட்டான்.

"கடல் மீனுக்கு என்ன லைசென்ஸ்? பேசாமல் வா," என்று சிரித்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் மீன்பிடிக் கண்காணிப்பு அதிகாரி வந்தார். என் பிறந்த திகதியைப் பார்த்துவிட்டு, எனக்கு அனுமதி தேவையில்லை என்றார். குகனுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினெட்டிலிருந்து ஓய்வூதிய வயதுவரை எல்லோரும் கட்டணம் கட்டி அரசாங்க அனுமதி எடுக்க வேண்டுமாம். ஒரு நாளுக்கோ, ஒரு கிழமைக்கோ, ஒரு வருடத்துக்கோ போனிலேயே எடுக்கலாமாம். அவனுக்கு அபராதம் எழுதினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே கடல், ஒரே தூண்டில், இதென்ன சட்டம் என்று டேனிஷில் கத்தினேன். அதிகாரி என்னைக் கவனிக்காமல், ஏன் எடுக்கவில்லை என்று குகனிடம் கேட்டார். அவன் என்னைக் கைகாட்டுவான் என்று நினைத்தேன்.

"நான் விசாரிக்கவில்லை. என் பிழைதான்," என்றான்.

திரும்பும்போது, "ஏன்ரா என்ரை பேரைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கத்தின கத்தலிலை சொல்ல எங்கை இடம் விட்டனீங்கள், அத்தான்?"

அவன் சிரிக்கவில்லை. சட்டத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது. எனக்குத் தேவையில்லாதது எவருக்குமே தேவையில்லை என்று நினைத்திருக்கிறேன். இப்போது அவனிடம் ஒரு வருட அனுமதி இருக்கிறதாம், மனைவி சொன்னாள். மறுபடி தூண்டில் போடக் கூப்பிடத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.